முட்டைக்குள் புகுந்த விஷம்

புளோரிடா ஏரியில் முதலைக் குஞ்சுகள் குறைந்த மர்மம்

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது புளோரிடா மாகாணம். அங்கே ஏரிகள் ஏராளம். ஏரிகளில் முதலைகளும் ஏராளம். முதலைத் தோலுக்கு நல்ல விலை கிடைக்கும். அதனால் கோழிப் பண்ணை நடத்துவதுபோல் முதலைப் பண்ணை நடத்துகிறவர்களும் அங்கே உண்டு.

1980-களில் இந்தப் பண்ணைக்காரர்களுக்கு முட்டை தேவைப்பட்டது. ஏரியில் முதலைகள் இடும் முட்டைகளில் ஒரு பங்கை எடுத்துப் பண்ணைக்குக் கொடுக்கலாமா? அப்படி எடுத்தால் ஏரியில் முதலை இனம் அழிந்து போகுமா? இதைத் தெரிந்துகொள்ள அதிகாரிகள் ஏரி ஏரியாகப் போனார்கள். முட்டைகளைப் பக்குவமாக எடுத்து வந்தார்கள். சூட்டுப் பெட்டிகளில் வைத்தார்கள்.

மற்ற ஏரிகளின் முட்டைகள் நன்றாகப் பொரிந்தன. ஓர் ஏரியின் முட்டைகள் மட்டும் ஏமாற்றின. பாதிகூடப் பொரியவில்லை. பொரிந்த குஞ்சுகளிலும் பல, சில நாட்களில் செத்துப் போயின.

அந்த ஏரியின் பெயர் அபாப்கா.

அழகான ஏரி

ஆர்லாண்டோ நகரத்துக்கு வடமேற்கே இருக்கிறது இந்த அபாப்கா ஏரி. பரப்பு சுமார் 30 ஆயிரம் ஏக்கர். ஒரு காலத்தில் இதன் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. மீன் பிடிப்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்து தங்குவார்கள். கரையைச் சுற்றி அவர்களுக்காக விடுதிகள் இருந்தன.

ஏரியின் வடகரையில் பெரிய சதுப்பு நிலம் இருந்தது. 1940-களில் அந்தச் சதுப்பு நிலத்தைச் சுற்றி அணை போட்டார்கள். தண்ணீரை இறைத்தார்கள். அடியில் இருந்தது கன்னங்கரேல் என்ற வளமான மண். அதில் கேரட், சோளம், கீரை வகைகள் எல்லாம் செழித்து வளர்ந்தன. சுமார் 20 ஆயிரம் ஏக்கரில் காய்கறித் தோட்டங்கள் உண்டாயின.

பயிர் வந்தால் பூச்சியும் வரும். பூச்சி வந்தால் மருந்தும் வரும். டி.டி.டி., டாக்சாபீன், டைல்ட்ரின், குளோர்டேன் என்று பல மருந்துகளை அங்கே பல ஆண்டுகள் தெளித்தார்கள். தோட்டத்தில் தண்ணீர் கூடினால் அதை ஏரிக்குள் இறைத்து விடுவார்கள். மருந்தும் உரமும் அந்தத் தண்ணீரோடு ஏரிக்குப் போயின. ஏரி பச்சைப் பாசியாக மாறியது.

1980-ல் இன்னொரு சம்பவம் நடந்தது. ஏரிக்குத் தெற்கே ஒரு பூச்சி மருந்துத் தொழிற்சாலை இருந்தது. டவர் கெமிக்கல் கம்பெனி என்பது அதன் பெயர். அங்கே டைகோபால் என்ற மருந்து தயாரானது. செடிகளில் சிலந்திப் பேனைக் கொல்லும் மருந்து அது. டி.டி.டி.யிலிருந்து செய்யப்படுவது. தொழிற்சாலையின் கழிவுக் குளம் அந்த ஆண்டில் நிரம்பி வழிந்தது. கழிவு ஏரிப் பக்கம் ஓடியது. அதில் டைகோபாலும் இருந்தது. அதோடு கலந்திருந்த டி.டி.டி.யும் இருந்தது.

100-க்கு 90 குறைந்தது!

அதன் பிறகுதான் முதலைகளின் எண்ணிக்கை சரிந்தது. 1980-க்கும் 1987-க்கும் இடையே இந்த ஏரியில் இளம் முதலைகள் 100-க்கு 90 என்ற கணக்கில் குறைந்துவிட்டன.

பெரிய முதலைகள் செத்து மிதந்து கரை ஒதுங்கியிருந்தால் எவரும் கண்டுபிடித்திருப்பார்கள். பெரிய முதலைகளோ வழக்கம்போல் கரையில் வெயில் காய்ந்தன. இரை தின்றன. ஜோடி சேர்ந்தன. கூடு கட்டின. முட்டையும் இட்டன. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பிறக்கவேண்டிய குஞ்சுகள்தான் பிறக்கவில்லை.

ஏரித் தண்ணீரை எடுத்துச் சோதித்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் தண்ணீரில் டி.டி.டி. அநேகமாக இல்லை. ஏரி சுத்தமாகிவிட்டது என்றே நினைக்கத் தோன்றும். அப்படியானால் விஷம் எங்கே போயிற்று?

கொழுப்பில் ஒளிந்த விஷம்

டி.டி.டி. தண்ணீரில் எளிதில் கரையாது. கொழுப்பில் கரையும். அதனால் அது தண்ணீரில் தங்காமல் உயிர்களின் உடலுக்குள் போய்த் தங்குகிறது.

ஏரியின் அடிச்சேற்றில் படிந்த விஷம் முதலில் புழு பூச்சிகளின் உடம்பில் ஏறுகிறது. சின்ன மீன் ஆயிரம் புழுக்களைத் தின்கிறது. ஆயிரம் புழுக்களின் விஷமும் அந்த மீனின் கொழுப்பில் சேருகிறது. பெரிய மீன் பல நூறு சின்ன மீன்களைத் தின்கிறது. அத்தனை விஷமும் பெரிய மீனுக்கு வருகிறது. கடைசியில் பெரிய மீனைத் தின்கிறது முதலை.

முதலை நீண்ட காலம் வாழும் பிராணி. 50 ஆண்டுகள்கூட வாழும். அத்தனை காலமும் அதன் கொழுப்பில் விஷம் சேர்ந்துகொண்டே போகும். டி.டி.டி. உடலுக்குள் சிதைந்து டி.டி.இ. என்ற இன்னொரு பொருளாக மாறும். அது லேசில் அழியாது.

பெண் முதலை முட்டையிடும்போது தன் உடம்பின் கொழுப்பை எடுத்துத்தான் மஞ்சள் கருவை உண்டாக்குகிறது. கொழுப்போடு விஷமும் மஞ்சள் கருவுக்குள் போகிறது. குஞ்சு வளரத் தாய் கட்டிக் கொடுத்த சோற்று மூட்டை அது. அந்தச் சோற்றிலேயே விஷம்!

ஆணா? பெண்ணா?

புளோரிடா பல்கலைக் கழகத்தில் லூயி கில்லெட் என்ற விஞ்ஞானி இருந்தார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் அபாப்கா முதலைகளை ஆராய்ந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க உட்ரப் என்ற இன்னொரு ஏரியின் முதலைகளையும் எடுத்துக்கொண்டார்கள். உட்ரப் ஏரி அவ்வளவாகக் கெடாத ஏரி.

1994-ல் முதல் முடிவு வெளிவந்தது. ஒவ்வொரு உயிரின் ரத்தத்திலும் சில சுரப்பு நீர்கள் உண்டு. ஆணை ஆணாக வளர்ப்பது ஒரு சுரப்பு. பெண்ணைப் பெண்ணாக வளர்ப்பது இன்னொரு சுரப்பு. அபாப்கா ஏரி முட்டையிலிருந்து வந்த ஆறு மாத ஆண் முதலைகளின் ரத்தத்தில் ஆண் சுரப்பு, உட்ரப் ஏரி ஆண்களிடம் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெண் முதலைகளின் ரத்தத்திலோ பெண் சுரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. அவற்றின் சினைப்பையும் ஒழுங்காக வளரவில்லை.

1996-ல் அடுத்த முடிவு வந்தது. ஏரியிலேயே வளர்ந்த இளம் ஆண் முதலைகளைப் பிடித்து அளந்து பார்த்தார்கள். ஆண் சுரப்பு 100-க்கு 70 குறைந்திருந்தது. பிறப்புறுப்பும் சராசரியாக 100-க்கு 24 சிறுத்திருந்தது.

இது எப்படி நடக்கிறது? சுரப்பு நீர் என்பது உடலுக்குள் ஓடும் தபால். இன்ன இடத்தில் இன்னது வளரட்டும் என்று அது சேதி சொல்லும். சில பூச்சி மருந்துகள் இந்தச் சேதியைக் கெடுத்துவிடுகின்றன. டி.டி.இ. ஆண் சுரப்பின் வேலையைத் தடுக்கிறது என்று 1995-ல் விஞ்ஞானிகள் கண்டார்கள். முட்டைக்குள் உறுப்புகள் உருவாகும் சில வாரங்களில் சேதி தவறினால் பிறகு திருத்த முடியாது. உயிர் இருக்கும். உடல் கோணலாகிவிடும்.

முதலைகளுக்கு இதில் ஒரு தனி அபாயம் உண்டு. மனிதர்களில் ஆணா பெண்ணா என்பது கருத்தரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. முதலையில் அப்படி இல்லை. முட்டை இருக்கும் கூட்டின் சூடுதான் அதை முடிவு செய்கிறது. சூடு 33 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருந்தால் பெரும்பாலும் ஆண் குஞ்சு. 30 டிகிரியும் அதற்குக் கீழும் என்றால் பெண் குஞ்சு. ஆமைகளில் பல வகைகளுக்கும் சூடுதான் தீர்ப்புச் சொல்லும்.

அந்தத் தீர்ப்பை மருந்து மாற்றுமா? டெக்சாஸ் பல்கலைக் கழகத்தில் இதைச் சோதித்தார்கள். அபாப்கா முதலை முட்டைகளில் கண்ட அளவை ஒட்டி, சில மருந்துகளை ஆமை முட்டைகளின் ஓட்டில் தடவினார்கள். முடிவு 1999-ல் வெளிவந்தது. ஆண் குஞ்சுகள் அதிகம் பொரிக்கவேண்டிய சூட்டில், மருந்து தடவிய சில முட்டைகளிலிருந்து பெண் குஞ்சுகள் கூடுதலாக வந்தன.

குற்றவாளி யார்?

தொழிற்சாலைக் கழிவுதான் காரணம் என்று முதலில் பலர் சொன்னார்கள். அது தப்பில்லை. ஆனால் முழுக் கதையும் அது இல்லை. ஒரே நாளில் வழிந்த கழிவு கண்ணுக்குத் தெரிந்தது. பல பத்து ஆண்டுகள் தோட்டங்களிலிருந்து துளித் துளியாக வந்த விஷம் எவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

தெரிய வந்தது 1998-ல். ஏரியைக் காப்பாற்ற வேண்டும் என்று புளோரிடா அரசாங்கம் வடகரைத் தோட்டங்களை விலைக்கு வாங்கியது. தோட்டங்களை மூடி, நிலத்தில் மறுபடியும் தண்ணீர் விட்டார்கள். சதுப்பு நிலம் திரும்பிவிட்டது என்று பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. மீன்களைப் பிடித்துத் தின்றன. சில மாதங்களுக்குள் 600-க்கும் மேற்பட்ட பறவைகள் செத்து விழுந்தன. செத்ததில் பெரும்பாலானவை வெள்ளைக் கூழைக்கடாக்கள்.

அமெரிக்காவில் டி.டி.டி.யைப் பயிருக்குத் தெளிப்பது 1972-லேயே நிறுத்தப்பட்டது. 26 ஆண்டுகள் கழிந்தும் அந்த மண்ணில் டி.டி.டி., டாக்சாபீன், டைல்ட்ரின் முதலிய விஷங்கள் இருந்தன. சட்டத்தால் மருந்துத் தெளிப்பை நிறுத்த முடியும். மண்ணில் ஏற்கெனவே விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

முதலைகளின் எண்ணிக்கை பிற்காலத்தில் மெதுவாக ஏறியது. அதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று விஞ்ஞானிகள் சொல்லவில்லை.

பல்லி பட்டினி கிடந்த கதை

விஷம் உடலுக்குள் போகாமலே பல்லி இனத்தை அழிக்கவும் வழி உண்டு. இதற்குச் சாட்சி மடகாஸ்கர் தீவு. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இருக்கும் பெரிய தீவு அது.

1997-ல் அந்தத் தீவில் வெட்டுக்கிளிகள் படையெடுத்தன. பயிரைக் காப்பாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஜனங்களுக்குப் பஞ்சம். ஆகவே பிப்ரோனில் என்ற மருந்தைத் தெளித்தார்கள். வெட்டுக்கிளிகள் செத்தன. கூடவே கறையான்களும் செத்தன. புற்றுப் புற்றாக அழிந்தன.

கறையான் போனால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தப் புல்வெளிகளில் ஓணான் வகை ஒன்றும், அரணை வகை ஒன்றும் கறையானைத் தின்று வாழ்ந்தன. முள்ளெலி போன்ற ஒரு சிறு பிராணியும் அப்படியே. மருந்து தெளித்த இடங்களில் இவை மூன்றும் குறைந்துவிட்டன. மருந்து நேராகக் கொன்றதைவிட, இரை இல்லாமல் போனதுதான் முக்கியக் காரணம் என்று 2003-ல் வெளியான ஆராய்ச்சி கூறியது. அந்த ஓணானும் அரணையும் மடகாஸ்கரைச் சொந்த மண்ணாகக் கொண்டவை.

எலி மருந்தும் பாம்பும்

ஆஸ்திரேலியாவில் இன்னொரு அனுபவம். மேற்குக் கரையில் பெர்த் என்ற நகரம் இருக்கிறது. அங்கே செத்துக் கிடந்த பாம்புகளையும் பல்லிகளையும் எடுத்து ஈரலைச் சோதித்தார்கள். முடிவு 2020-ல் வெளிவந்தது.

டுகைட் என்பது அங்கே எலியைப் பிடிக்கும் ஒரு விஷப் பாம்பு. சோதித்த டுகைட்களில் 10-க்கு 9 பாம்புகளின் ஈரலில் எலி மருந்து இருந்தது. மருந்து தின்ற எலியைப் பாம்பு தின்றதால் வந்த வினை. பாப்டெயில் என்ற பருத்த பல்லி எலியை வேட்டையாடுவதில்லை. செடி கொடி, நத்தை இவைதான் அதற்கு ஆகாரம். அதன் ஈரலிலும் பாதிக்கு மேல் எலி மருந்து இருந்தது!

பாம்பும் பல்லியும் இந்த மருந்தை ஓரளவு தாங்கும். உடனே சாகாது. அதனாலேயே ஒரு தொல்லை. மருந்தைச் சுமந்துகொண்டு திரியும் பாம்பை இன்னொரு பிராணியோ பறவையோ பிடித்துத் தின்றால் விஷம் அங்கும் போகும்.

பரிசோதனையில் உள்ள ஓட்டை

புதிய மருந்து ஒன்று கடைக்கு வருவதற்கு முன்னால் பிராணிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கிறார்களே, அப்போது இதெல்லாம் தெரியாதா என்று கேட்கலாம்.

பழைய பரிசோதனை ஒன்று உண்டு. 100 பிராணிகளுக்கு மருந்து கொடுத்தால் 50 சாவதற்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று பார்ப்பது. அந்த அளவு அதிகமாக இருந்தால் மருந்தின் விஷம் குறைவு என்று கணக்கு. இந்தக் கணக்கு பிணங்களை எண்ணுகிறது. பிறக்காத குஞ்சை எண்ணுவதில்லை. இரையில்லாமல் மெலிந்த அரணையை எண்ணுவதில்லை.

அந்தப் பரிசோதனையும் பல்லிக்கோ பாம்புக்கோ பெரும்பாலும் நடப்பதில்லை. எலி, பறவை, மீன், தேனீ இவற்றுக்குத்தான் நடக்கிறது. அமெரிக்காவில் பறவைக்கு வந்த முடிவையே ஊர்வனவற்றுக்கும் வைத்துக்கொள்வது வழக்கம். பறவையின் ரத்தம் எப்போதும் ஒரே சூட்டில் இருக்கும். பல்லியின் உடல் சூடோ வெயிலோடு ஏறி, நிழலோடு இறங்கும். பறவையைத் தொடாத மருந்து பல்லியைத் தொடலாம். பறவைக்குப் போட்ட கணக்கு ஊர்வனவற்றுக்குப் போதாமல் போகலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிபுணர் குழு 2018-ல் எடுத்துச் சொன்னது.

இந்தியாவுக்கும் சம்பந்தம் உண்டு

அபாப்கா ஏரியில் கலந்த டைகோபால் இந்தியாவுக்கும் தெரிந்த மருந்துதான். இங்கே அது உற்பத்தியும் ஆனது. தேயிலை, பருத்தி போன்ற பயிர்களுக்குத் தெளிக்கப்பட்டது. 2019-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்த நாடுகள் கூடி, உலகெங்கும் ஒழிக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலில் டைகோபாலைச் சேர்த்தன. இந்திய அரசாங்கம் 2023-ல் அதற்குத் தடை உத்தரவு போட்டது. பயிருக்கு டி.டி.டி. தெளிப்பது இங்கே 1989-லேயே தடுக்கப்பட்டது.

தடை வந்துவிட்டது. ஆனால் 1980-ல் புளோரிடாவில் வழிந்த மருந்துக்கு உலகம் முழுவதும் கதவு மூட 39 ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனை வயல்களில், எத்தனை குளங்களில் அது இறங்கியிருக்கும்!

பூச்சி மருந்தே கூடாது என்று விவசாயியிடம் சொல்வது சுலபம். பூச்சி தின்ற வயலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும். மடகாஸ்கரில் மருந்து தெளித்தவர்களும் பஞ்சத்துக்குப் பயந்துதான் தெளித்தார்கள். ஆனாலும் சில காரியங்கள் எவராலும் முடியும். பூச்சி வரும் முன்னே மருந்து தெளிக்காமல் இருக்கலாம். சொன்ன அளவுக்கு மேல் கலக்காமல் இருக்கலாம். தெளிப்பானைக் குளத்திலும் வாய்க்காலிலும் கழுவாமல் இருக்கலாம். மருந்து தின்று செத்த எலியை வெளியே வீசாமல் ஆழப் புதைக்கலாம். சாரைப் பாம்பு எலியைப் பிடிக்கிறது. ஓணானும் அரணையும் பூச்சியைப் பிடிக்கின்றன. கூலி கேட்காத இந்த வேலையாட்களைக் கொன்றுவிட்டால், அந்த வேலைக்கும் சேர்த்து மருந்துதான் வாங்க வேண்டும்.

தோட்டத்தில் உழைத்தவர்கள்

அபாப்கா கதையில் இன்னும் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது. வடகரைத் தோட்டங்களில் காய்கறி பறித்தவர்கள் ஏழைத் தொழிலாளர்கள். கறுப்பு இன மக்கள் பலர். மெக்சிகோவிலிருந்தும் ஹைதி நாட்டிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் பலர். மருந்து தெளித்த வயலில் வெறுங்கையால் வேலை செய்தவர்களும் அவர்களில் உண்டு. ஏரி மீனைச் சமைத்துச் சாப்பிட்டவர்களும் உண்டு.

1998-ல் தோட்டங்கள் மூடியதும் அவர்களுக்கு வேலை போயிற்று. நோய்கள் மட்டும் கூடவே வந்தன என்று அவர்கள் சொன்னார்கள். முதலையை ஆராய்ந்தார்கள், பறவையை ஆராய்ந்தார்கள், எங்கள் உடம்பை ஆராய யாரும் வரவில்லையே என்பது அவர்களுடைய நெடுநாள் மனக்குறை. இறந்துபோன தோழர்களின் நினைவாக அவர்கள் துணிகளை ஒட்டுப் போட்டுப் போர்வைகள் தைத்தார்கள். ஒவ்வொரு சதுரத் துணியும் ஒருவருடைய நினைவு.

முதலை முட்டை பொரியாமல் போனதால் உலகத்துக்கு ஓர் உண்மை தெரிந்தது. அதே தண்ணீரின் ஓரத்தில், அதே மருந்தின் நடுவில் வாழ்ந்த மனிதர்கள் தங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கேள்விக்கு முழுப் பதில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.